120 மைல் முன்னால்

2024 அக்டோபர் 11ஆம் தேதி மாலை திருச்சி வானத்தில் ஒரு விமானம் சுற்றிக்கொண்டே இருந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தது. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 அது. மேலேறிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு இரண்டரை மணி நேரம் போல வட்டமிட்டுவிட்டு இரவு எட்டேகால் வாக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. அதுவரை பலரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: எரிபொருளை அப்படியே வானத்தில் கொட்டிவிட்டு இறங்க வேண்டியதுதானே?

737இல் எரிபொருளைக் கொட்டும் வசதி கிடையாது. எடை குறைய வேண்டுமானால் எரித்துத்தான் தீர்க்க வேண்டும். வீட்டுக் கணினியில் அந்த விமானத்தை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது அத்துப்படியான சங்கதி. அன்று அவர்கள் பதறவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வட்டத்துக்குள் என்ன வேலை நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வழக்கமான காத்திருப்புச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். அதற்குள் வாசித்து முடிக்கவேண்டிய சரிபார்ப்புப் பட்டியல், மீதி எரிபொருள் கணக்கு, இந்த எடையில் இந்த ஓடுபாதையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்ற கணக்கு. பயணிகள் விமானம் ஓட்டுவதில் பெரும்பகுதி கணக்கும் காத்திருப்பும்தான். சீருடை போடாத ஒருவர் அதைக் கைப்பழக்கமாகவே தெரிந்துகொள்ள இன்று இருக்கும் வழி வீட்டுச் சிமுலேட்டர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீடியோ கேம். என் அக்கா மகன் ஒருமுறை வெகுநேரம் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "மாமா, இதுல எப்பதான் சுடுவாங்க?" என்று கேட்டான். நான் அப்போது மும்பை நிலையத்தில் விமானக் கதவைக்கூடச் சாத்தியிருக்கவில்லை. பேட்டரியை உயிர்ப்பித்து, வால்பகுதியில் இருக்கும் சிறிய துணை இயந்திரத்தைக் கிளப்பி, சென்னை வரையிலான வழித்தடத்தை ஒவ்வொரு புள்ளியாக விமானக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பையனைக் குறைசொல்ல முடியாது. இதில் எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, அடுத்த லெவல் இல்லை. இரண்டு மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் போனால் அதற்குப் பெயர்தான் வெற்றி.

ஒன்றும் நடக்காத இந்தப் பொழுதுபோக்குக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரலை 1982இல் மைக்ரோசாஃப்ட் ஐபிஎம் கணினிகளுக்காக வெளியிட்டது. அதில் சிகாகோ என்பது சில கோடுகள். ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சின்ன விமானநிலையம், ஒற்றை ஓடுபாதை. சிமுலேட்டரைத் திறந்தால் பல ஆண்டுகளுக்கு நீங்கள் நின்றிருப்பது அங்கேதான். 2003 மார்ச் கடைசியில் ஓர் இரவில் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி அந்த ஓடுபாதையின் குறுக்கே பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப்போட்டார். அதே ஆண்டு வெளிவந்த சிமுலேட்டர் பதிப்பில் மெய்க்ஸ் குறையொன்றுமில்லாமல் இருந்தது. நிஜம் அழிந்தபிறகும் நகல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச காலத்தைப் பற்றி யாராவது ஒரு சிறுகதை எழுதலாம்.

2020இல் பிரான்ஸின் போர்தோவில் உள்ள அசோபோ நிறுவனம் மைக்ரோசாஃப்டுக்காகச் செய்த பதிப்பில் கோடுகள் போய் பூமி முழுவதுமே வந்துவிட்டது. செயற்கைக்கோள் படங்கள், அவற்றிலிருந்து கணினி தானே எழுப்பிக்கொள்ளும் கட்டடங்கள், உண்மையான வானிலை. வெளியான கையோடு மெல்போர்ன் புறநகரில், ஓட்டுவீடுகளுக்கு நடுவே, ஊசி மாதிரி 212 மாடிக் கோபுரம் ஒன்று நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். பொதுமக்கள் கூடித் தொகுக்கும் வரைபடத்தில் யாரோ 2 மாடி என்று தட்டப்போய் 212 என்று தட்டியிருக்கிறார்கள். கணினி கேள்வி கேட்காமல் கட்டிவிட்டது.

படம் இவ்வளவு வளர்ந்ததில் ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்தது. யதார்த்தம் என்றால் படம் என்று ஆகிவிட்டது. இந்த வட்டாரத்துக்குள் புதிதாக வருகிறவர் முதலில் விசாரிப்பது கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி. இரண்டாவது, விமானம் தரையைத் தொடும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில் தொட்டது என்று காட்டும் எண்ணைப் பற்றி. எல்லாமே வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும்: திரையில் படமும், தரையில் சக்கரமும். இந்த இரண்டு மோகங்களில் முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதைவிட, ஒரே சீராக மாறுகிறதா என்பதுதான் கண்ணுக்கு முக்கியம். நொடிக்கு 30 படம் என்று கட்டிப்போட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிநொடி. கண் அதற்குப் பழகிக்கொள்ளும். அறுபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் அலைபாய்ந்தால் எண்ணிக்கை கூடுதலாக இருந்தும் தலை வலிக்கும். செஸ்னா போன்ற சின்ன விமானத்தில் வழுக்கிக்கொண்டு போகும் அதே கணினி ஏர்பஸ் ஏ320இல் திணறுவதற்குக் காரணம் வெளியே தெரியும் உலகம் மட்டுமில்லை. காக்பிட்டுக்குள் இருக்கும் ஆறு திரைகளையும், அவற்றுக்குப் பின்னால் ஓடும் மின்சார, ஹைட்ராலிக், எரிபொருள் ஏற்பாடுகளையும் கணினி கணத்துக்குக் கணம் கணக்கிட்டாக வேண்டும். மேகத்தின் தரத்தை இரண்டு படி குறைத்துக்கொண்டால் போதும். வீட்டுத் தவணை கட்டுகிற நாட்டில் இதற்கு மேல் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது மோகம்தான் ஆழமானது. மென்மையான தரையிறக்கம் கடைசி முப்பது அடியில், விரல்நுனியில் நடக்கும் வித்தை என்று எல்லோரும் நம்புகிறோம். விமானம் நின்றதும் பயணிகள் கைதட்டுவதும் அந்த நம்பிக்கையில்தான். கைதேர்ந்த மொஃபசல் பஸ் டிரைவர் நிறுத்தத்தில் பிரேக் போட்டு வண்டியை நிறுத்துவதில்லை. ஒரு ஃபர்லாங்குக்கு முன்பே காலை எடுத்துவிடுகிறார். நின்றுகொண்டு வருபவரின் கையில் இருக்கும் டீ சிந்தாமல் இருப்பதற்கு வேறு ரகசியம் இல்லை. ஏ320இல் அந்த ஒரு ஃபர்லாங், 120 கடல் மைல்.

35,000 அடியில் மும்பையிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள். மூன்று டிகிரிச் சரிவில் இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. முப்பத்தைந்தை மூன்றால் பெருக்கினால் 105. வேகத்தைக் குறைத்துக்கொள்ள இன்னொரு பதினைந்து மைல். ஆக ராயலசீமை வானத்தில், கண்ணுக்குச் சென்னை தென்படுவதற்கு வெகுமுன்பே, இறங்கத் தொடங்கியாக வேண்டும். தரையோடு ஒப்பிட்ட வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும்: 450 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் 2,250 அடி; கடைசிக் கட்டத்தில், 140 நாட் வேகத்தில், 700 அடி. எஞ்சின் இரண்டும் ஏறக்குறைய சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அறுபது டன்னுக்கு மேற்பட்ட உலோகம் தன் உயரத்தை மட்டும் செலவழித்துக்கொண்டு நூறு மைல் வழுக்கி வருகிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொள்ளும் நாளில் ஜன்னல் ஓரத்து இருக்கையின் அனுபவமே மாறிவிடுகிறது. இறங்குகிறபோது எஞ்சின் சத்தம் ஏன் அடங்கிப்போகிறது, இறக்கை மேல் ஏன் திடீரென்று பலகைகள் எழும்புகின்றன, ஏன் காது அடைக்கத் தொடங்கிய பிறகும் இவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதெல்லாம் ஒரே கணக்கின் வரிகளாகத் தெரியவருகின்றன.

கணக்கு எப்போதும் பிசகும். பின்காற்று கூடுகிறது. அல்லது கட்டுப்பாட்டு அறை நல்லெண்ணத்தில் ஒரு குறுக்குவழி தருகிறது. சிமுலேட்டரிலும் இதெல்லாம் உண்டு. 2001 முதல் இயங்கிவரும் வாட்சிம் போன்ற வலையமைப்புகளில், சம்பளமில்லாமல், ஆர்வத்துக்காக மட்டுமே கட்டுப்பாட்டாளர் வேலை பார்க்கும் மனிதர்கள் ஹெட்செட்டில் உத்தரவு தருகிறார்கள். நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குறுக்குவழியில் இருபது மைல் மிச்சமானால் ஆனந்தம் இல்லை, கவலைதான். இருபது மைலுக்கு ஏறத்தாழ ஆறாயிரத்து எழுநூறு அடி. அவ்வளவு உயரம் இப்போது கையில் உபரியாக நிற்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மூக்கைத் தாழ்த்தினால் வேகம் ஏறும். வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினால் உயரம் அப்படியே நிற்கும். ஜெட் விமானம் ஒரே நேரத்தில் இறங்கவும் மெதுவாகவும் மறுக்கும். ஏ320இன் இறக்கைப் பலகைகளைத் தூக்கித் தடை போடலாம். ஆனால் வேகம் குறையக் குறைய அவற்றின் பலனும் குறையும். சக்கரத்தை முன்கூட்டியே இறக்கிக் காற்றோடு மல்லுக்கட்ட வைக்கலாம். அது கடைசி ஆயுதம். இதில் எதைச் செய்தாலும் பதினைந்து மைல் தள்ளித்தான் விளைவு தெரியும்.

வீட்டுச் சிமுலேட்டர்க்காரர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தோற்கிறோம். தோற்றது தெரியாமல், கடைசியில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து உலுக்கி, 'லேண்டிங் சரியாக வரவில்லை' என்கிறோம்.

இனி கை. கணினிக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் ஜாய்ஸ்டிக், ஸ்பிரிங் வைத்தது, விட்டால் நடுவுக்கு வந்துவிடும். இது பொம்மை, உண்மையான விமானத்தின் கனம் இதில் எங்கே வரும் என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. போயிங் 737ஐப் பொறுத்தவரை அலுப்பு நியாயம். ஆனால் 1988இல் சேவைக்கு வந்த ஏ320இன் ஸ்டிக்கும் ஸ்பிரிங் வைத்ததுதான். இறக்கையின் மேல் காற்று தள்ளும் பாரம் எதுவும் விமானியின் கைக்கு வந்து சேர்வதில்லை. ஸ்டிக்கை இடதுபக்கம் சாய்த்தால், எவ்வளவு வேகத்தில் உருள வேண்டும் என்ற கோரிக்கை கணினிக்குப் போகிறது. எந்தப் பலகையை எவ்வளவு அசைப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. 33 டிகிரி வரை எந்தக் கோணத்தில் கையை எடுத்தாலும் விமானம் அந்தக் கோணத்திலேயே நிற்கும். ஆகவே ஏர்பஸ் ஓட்டும் கலையில் பாதி, கையை எடுப்பது. ஒரு சின்னத் தள்ளல், விடு, என்ன ஆகிறது என்று பார், தேவைப்பட்டால் இன்னொன்று. இடைவிடாமல் திருகிக்கொண்டே இருப்பவர் திருத்துவது காற்றை இல்லை, ஒரு கணம் முன்பு தானே செய்த திருத்தத்தை.

இன்னொரு வேடிக்கை. ஸ்டிக்கைத் தொடாவிட்டாலும் போட்ட பாதையைப் பிடித்துக்கொண்டு பறப்பது இந்த விமானத்தின் குணம். இறங்கும்போது இது இடைஞ்சல். ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக விமானிகள் தரை நெருங்க நெருங்க ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கிப் பழகியவர்கள்; அவர்கள் கைக்கு அந்த எதிர்ப்பு வேண்டும். எனவே தரையிலிருந்து முப்பது அடியில் ஏ320இன் கணினி தானாகவே மூக்கை மெல்ல இரண்டு டிகிரி வரை தாழ்த்தத் தொடங்குகிறது, விமானி பழைய வழக்கப்படி இழுக்க வேண்டும் என்பதற்காகவே. பழைய விமானம் ஒன்றைப் போல நடித்துக் காட்டுகிறது புது விமானம். உண்மை எது, பாவனை எது என்று வீட்டுச் சிமுலேட்டரைப் பார்த்துக் கேட்பவர்கள் இந்த முப்பது அடியையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாம் மேசையிலிருந்து காக்பிட்டை நோக்கிப் போகிறோம்; காக்பிட் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கிறது.

அந்த முப்பது அடியை வீட்டில் கண்ணால் கணிப்பது கடினம். விமானி ஓடுபாதையின் தொலைமுனையைப் பார்க்கிறார். தரை தன்னை நோக்கி எழும்புவதை ஓரக்கண் உணர்த்துகிறது. தட்டைத் திரையில் ஓரக்கண்ணுக்கு வேலையில்லை, அங்கே இருப்பது சுவரும் காலண்டரும்தான். அதனால் நாங்கள் காதால் இறங்குகிறோம். உயரமானியின் ஆண்குரல் ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது என்று எண்ணிக்கொண்டு வரும். நிமிடத்துக்கு 700 அடி இறக்கத்தில் பத்தடிக்கு ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவு. அந்தத் தாளம் சீராக இருந்தால் எல்லாம் சரி. முப்பதுக்கும் இருபதுக்கும் நடுவே இடைவெளி நீண்டால் இழுத்தது அதிகம், மிதக்கத் தொடங்கிவிட்டோம். நெருங்கினால் அடி பலமாக விழப்போகிறது. இருபதில் 'ரிடார்ட்' என்று குரல் வரும். எஞ்சின் விசை லீவர்களைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். இசை தெரிந்தவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் ஊகம்.

பிறகு அந்த எண். மைனஸ் 80, மைனஸ் 60 என்று பெருமையடித்துக்கொள்ளும் எண். பெரிய பயணிகள் விமானங்களின் சக்கரங்கள், அனுமதிக்கப்பட்ட உச்ச இறங்கு எடையில், நொடிக்கு 10 அடி வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 600 அடியில், தரையைத் தொடுவதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது விதி. 200, 250இல் தொட்டால் அது நல்ல, உறுதியான தரையிறக்கம். மழை பெய்து நனைந்த ஓடுபாதையில் விமானிகளுக்குச் சொல்லித்தருவதே அழுத்தித் தொடச் சொல்லித்தான். சக்கரம் நீர்ப்படலத்தைக் கிழித்துத் தரையைப் பற்ற வேண்டும். சக்கரத்தில் பாரம் ஏறினால்தான் இறக்கைப் பலகைகள் எழும்பும், அவை எழும்பினால்தான் தானியங்கி பிரேக் பிடிக்கத் தொடங்கும். பூவைப் போலத் தொடுவதற்காக மிதந்துகொண்டே போகும் ஒவ்வொரு நொடியிலும் எழுபது மீட்டர் ஓடுபாதை பின்னால் போய்விடுகிறது.

பின்னால் போய்விட்ட ஓடுபாதையைப் பற்றி நம் பக்கத்து மாநிலங்களைவிட அதிகம் அறிந்தவர்கள் இல்லை. 2010 மே 22, மங்களூர்: 8,033 அடி நீள ஓடுபாதையில் 737 தொட்டது சுமார் 5,200 அடி தாண்டி; 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு: மழை, பின்காற்று, 8,858 அடியில் பாதிக்குச் சற்று மேலே போய்த் தொட்டது, 21 பேர். இவை மென்மைக்கு ஆசைப்பட்டு நடந்த விபத்துகள் அல்ல. மங்களூரில் விமானம் இருக்கவேண்டிய உயரத்துக்கு வெகுமேலே இருந்தபடி இறங்கி வந்தது. சுற்றிப்போகலாம் என்று துணை விமானி ஒருமுறைக்கு மேல் சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்தார். 120 மைலுக்கு முன்னால் சேரத் தொடங்கிய உபரி, ஓடுபாதையின் முடிவில் மேசைபோல் செங்குத்தாக இறங்கும் அந்த மலைவிளிம்பு வரை கூடவே வந்தது.

சுற்றிப்போவது, கோ-அரவுண்ட். வீட்டுச் சிமுலேட்டர் உண்மையில் சொல்லித்தரக்கூடிய மிகப் பெரிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மிகக் குறைவாகப் பயிலப்படுவதும் இதுதான். ஆயிரம் அடியில் சக்கரம் இறங்கி, ஃபிளாப் முழுதாக விரிந்து, வேகம் குறித்த எல்லைக்குள், இறக்கம் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு உள்ளாக, எஞ்சின் ஓரளவு உயிரோடு இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது கவனிக்கத்தக்கது: சும்மா சுற்றும் ஜெட் எஞ்சினுக்கு முழு விசையைத் திரட்ட ஏழெட்டு நொடிவரை ஆகலாம். இவற்றில் ஒன்று பிசகினாலும் மேலே போய்விட வேண்டும். நிஜ உலகிலேயே இந்த விதிக்கு மரியாதை குறைவு. நிலைகொள்ளாத இறக்கங்களில் 97 சதவீதம் கோ-அரவுண்டில் முடியாமல் தரையிறக்கத்திலேயே முடிகின்றன என்பது ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் வெளியிட்ட கணக்கு. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததுதான் இதில் பிரச்சினையே. அடுத்த முறைக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

சிமுலேட்டர் என்ற ஏற்பாட்டின் பூர்வகதையும் பார்வையில்லாமல் பறந்து செத்தவர்களிடம்தான் போய் நிற்கிறது. நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டனில் பியானோ, ஆர்கன் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை எட்வின் லிங்க். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையே அடியில் வைத்து, 1929இல் ஆடி அசையும் ஒரு பெட்டி விமானத்தைச் செய்தார். முதலில் அதைப் பொருட்காட்சி ராட்டினம் என்றுதான் பார்த்தார்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகப் பணிக்கப்பட்டு, பனியிலும் மேகத்திலும் சிக்கி வரிசையாக விழுந்தபோது, ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. அந்தப் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. இன்று நாம் தவிக்கும் படமே அதில் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதன் வழித்தோன்றல்தான் விமான நிறுவனங்கள் வைத்திருக்கும், ஆறு கால்களில் நிற்கும் பல கோடி ரூபாய்க் கூண்டு. அதில் முழுப் பயிற்சியையும் முடித்த அனுபவசாலி ஒருவர் அந்த ரக விமானத்தை முதன்முதலாக நிஜத்தில் ஓட்டும்போது பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கலாம், விதிகள் அனுமதிக்கின்றன. அந்தக் கூண்டு உடலை ஏமாற்றும் விதம் அழகானது. ஓடுபாதையில் வேகமெடுப்பதைக் காட்ட, கூண்டு மெல்லப் பின்பக்கம் சாய்கிறது. திரை மட்டும் சமதளத்தைக் காட்டுகிறது. முதுகை அழுத்துவது புவியீர்ப்புதான், ஆனால் உடல் அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. சாய்வையும் முடுக்கத்தையும் நம் காதுக்குள் இருக்கும் உறுப்பால் பிரித்தறிய முடியாது.

இதே குழப்பம் தலைகீழாகி ஆளைக் கொன்றதும் உண்டு. 2000 ஆகஸ்ட் 23, பஹ்ரைன். கெய்ரோவிலிருந்து வந்த கல்ஃப் ஏரின் ஏ320, இரவில், தரையிறங்க முடியாமல் சுற்றிப்போகக் கிளம்பியது. எதிரே இருட்டுக் கடல். எஞ்சின் முழு விசையில் முன்னோக்கித் தள்ள, மூக்கு மேலே போகிறது என்று உடல் நம்பியிருக்கும் என்கிறது விசாரணை. ஸ்டிக் முன்னால் தள்ளப்பட்டது. 143 பேர். வீட்டு நாற்காலிக்கு இந்தப் பொய் சொல்லத் தெரியாது. அது அசையாமல் கிடக்கிறது, ஆகவே கருவிகளை நம்புவது நமக்கு ஒரு சிரமமே இல்லை. நிஜ விமானிக்கு அது தன் உடலோடு போடும் சண்டை. எந்தச் சண்டை நமக்கு நேரவே நேராதோ அதில் நாம் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் மேசையில் கிடைக்காது: முன்கூட்டித் தெரியாமை. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் போன ஏ320ஐ ஹட்சன் ஆற்றில் இறக்கினார்களே, அதன் விசாரணையில் சிமுலேட்டரில் விமானிகளை வைத்துப் பார்த்தார்கள். மோதியவுடன் திரும்பியவர்களில் சிலர் லகார்டியா ஓடுபாதையை எட்டிவிட்டார்கள். என்ன நடந்தது என்று உணர்ந்து முடிவெடுக்க 35 நொடி சேர்த்துப் பார்த்தபோது எட்ட முடியவில்லை. சிமுலேட்டரில் இருந்தவர்களுக்குப் பறவை வரப்போவது தெரியும். அந்த 35 நொடியைச் சிமுலேட்டர் தராது. வெளியிலிருந்து யாரோ சேர்க்க வேண்டியிருந்தது. நடுவானில் விமானிக்கு முடியாமல் போய், ஓட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டால் எழுந்து நிற்பாயா என்று நண்பர்கள் சீண்டுவதுண்டு. ரேடியோவை எப்படி அழுத்துவது, ஆட்டோபைலட்டை எப்படிக் கலைக்காமல் இருப்பது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் வாய்திறக்க மாட்டேன்.

வீட்டில் பறவையும் இல்லை, பயணியும் இல்லை, பசியோடு காத்திருக்கும் அடுத்த விமானமும் இல்லை. கூடவே பாஸ் பட்டன் இருக்கிறது. உபரி உயரத்தோடு வந்து திணறும்போது சட்டென்று உலகத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, யோசித்துத் திரும்ப ஓடவிடலாம். மேகத்தின் தரத்தைவிட, ஜாய்ஸ்டிக்கின் விலையைவிட, யதார்த்தத்தைக் கெடுப்பது இந்த ஒற்றை விசைதான் என்பது என் தீர்ப்பு. அதைச் செயலிழக்கச் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை, அமைப்புகளில் போய் இணைப்பை எடுத்துவிட்டால் போதும்.

இந்த வாரம் யாராவது ஏ320ஐ எடுத்துக்கொண்டு சென்னைக்கு வருவதாக இருந்தால் அப்படி ஒருமுறை வந்து பாருங்கள். 120 மைலில் கணக்கைத் தொடங்குங்கள். தரை தொட்ட வேகத்தைக் காட்டும் அந்தச் சின்னப் பெட்டியையும் மூடிவிடுங்கள். ஆயிரம் அடியில் ஏதாவது ஒன்று ஒத்துவரவில்லையென்றால் வாதாடாமல் லீவர் இரண்டையும் முழுக்க முன்னால் தள்ளிவிட்டு மேலே போய்விடுங்கள். சுற்றி வந்து மறுபடி வரிசையில் நிற்க இன்னும் பதினைந்து நிமிடம் பிடிக்கும். சாப்பாடு ஆறிப்போகும், அவ்வளவுதான்.